பெற்றவளைக் கேட்காமல் எழுதிய காகிதம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள் என்கிறாள். நிறுத்தினால் கோபம் ஆறிவிடும், அதனால் நிறுத்தப் போவதில்லை. ஒரு காகிதத்தின் மேல் இத்தனை வருஷமாக வைத்திருக்கிற கோபம் இது. யாராவது உட்கார்ந்து கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. களி கிண்டுகிற நேரமாக இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுச் சொல்ல வந்துவிடுவேன்.

என்னைக் கொடுத்த ஊர் பென்னாகரத்துக்கு மேற்கே, ஒகேனக்கல் போகிற பாதையில். பிறந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம். கல்யாணம் முடிந்து பரிசலில் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்தப் பரிசல்காரன் வேண்டுமென்றே நாலு சுற்றுச் சுற்றினான். என் புருஷன் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தார். அவர் முகத்தை நான் முதன்முதலில் நன்றாகப் பார்த்தது அப்போதுதான்.

எங்கள் சனம் ஆற்றின் இரண்டு பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்துக்காரர்கள் கன்னடம் பேசுவார்கள், இந்தப் பக்கத்துக்காரர்கள் தமிழ் பேசுவார்கள். வந்த புதிதில் மாமியார் அரிவாளை எடு என்றால் நான் முறத்தை எடுத்து நீட்டுவேன். இரண்டு வருஷத்தில் தமிழ் பிடிபட்டது. சண்டை போடுகிற அளவுக்கே பிடிபட்டது. ஆனால் மடியில் பிள்ளையைப் போட்டதும் வாயில் வந்தது என் அம்மா பேச்சுதான். மூத்த மகள் பிறந்த நாளிலிருந்து நான் அவளிடம் கன்னடம்தான் பேசினேன். அவளும் அதையே பேசினாள். மழை வந்தால் "மளெ மளெ" என்று வாசலில் குதிப்பாள். மாமியார் தமிழில் ஏதாவது சொன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கன்னடத்தில் சொன்னதும் ஓடுவாள்.

நாலு வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கண்ணைத் திறக்கவில்லை. கழுத்து கட்டை மாதிரி விறைத்துப்போனது. மாரியம்மனுக்கு வேண்டினோம், வத்தல்மலையிலிருந்து வேர் கொண்டுவந்து அரைத்துக் கொடுத்தோம். எதனால் பிழைத்தாளோ, பிழைத்தாள். எழுந்து தள்ளாடி நடந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பவில்லை. பித்தளைக் குடத்தைத் தரையில் போட்டேன், அதற்கும் திரும்பவில்லை. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. ஒரு வருஷத்தில் வெறும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

ஊரில் ஊமச்சி என்று பேர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் முகம் எல்லாம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பாதிப் பேர் செத்துப்போனார்கள். அதற்காகக் கோபம் போய்விடுமா.

வெள்ளைக்காரன் காலம் அது. இரண்டாவது உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. மகளுக்கு எட்டு வயது ஆகியிருந்தது. ஒருநாள் மத்தியானம் புருஷன் களியைத் தின்றுகொண்டே, பக்கத்து ஊர்ச் சந்தைக்கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்களாம் புள்ள."

"எந்தப் பள்ளிக்கூடத்துல?"

"தெக்கால ஒரு டவுனுல காது கேக்காத புள்ளைங்களுக்குன்னே ஒண்ணு இருக்குதாம். அங்கியே தங்கிப் படிக்கிறது. நம்ம வாத்தியாரு எழுதிப் போட்டாரு. புத்தி இல்லாததுங்கள அங்க எடுக்கறதில்லையாம். திருப்பி அனுப்பிச்சிட்டாங்க."

"யாருக்குப் புத்தி இல்ல?"

ஓர் உருண்டையை விழுங்கினார். "நம்ம புள்ளைக்குத்தான். அப்பிடின்னு எழுதியிருக்குது."

"யாரு எழுதுனது?"

"வாத்தியாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கைநாட்டு வெச்சேன்."

"படிச்சுக் காட்டுனாரா?"

"பெரிய மனுசன் எழுதறத, எங்க படிச்சுக் காட்டுங்கன்னு கேக்க முடியுமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கடலக்கா புடுங்கப் போயிருந்த."

கடலைக்காய் பிடுங்கப் போனவள் அன்று சாயந்தரம் வீட்டுக்குத்தான் வந்தேன். மறுநாளும் வந்தேன். இவர் கைநாட்டு வைத்ததிலிருந்து மூன்று மாசமாகத் தினமும் வீட்டுக்கு வந்து இவருக்குக் களி போட்டிருக்கிறேன். ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. தெற்கே அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் பிள்ளை அங்கே போவதற்கு இருந்த வழியும் அதே நிமிஷத்தில் அடைத்துப்போனது.

மாமியார் அடுப்படியிலிருந்து சேர்ந்துகொண்டார். "எழுதுனதுல என்னாடி தப்பு. வான்னா வராது, போன்னா போவாது. உன்னப் பாத்தா மட்டும் எல்லாம் வெளங்குற மாதிரி நடிக்குது."

"பெத்தவளுக்குத்தான் அதும் பாஷை தெரியும்" என்று பதில் சொன்னேன். இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

மறுநாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஓடு போட்ட ஒரே கூடம் அது. வண்டிப்பாதையைப் பார்த்து ஒரே கதவு. நாலு வகுப்பும் அதற்குள்ளேயே உட்கார்ந்து நாலு பாடத்தையும் ஒன்றாகக் கத்தும். வாத்தியார் சேலம் பக்கத்துக்காரர். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை பிடித்துத்தான் நடப்பார். கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர் வந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவராகவே காகிதம் வாங்கி எழுதிப் போட்டவர். நல்லது செய்ய வந்தவர்மேல் கோபப்படுவது கஷ்டம். நான் பட்டேன்.

"ஐயா, எம்புள்ளையப் பத்தி என்னமோ எழுதினீங்களாம். அதப் படிங்க, கேக்கறேன்."

"உன் வூட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சும்மா."

"அவருக்குச் சொன்னது அவருக்கு. எனக்குப் படிங்க."

"படிச்சா உனக்கு என்ன வெளங்கப் போகுது?"

"வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்றேன்."

திருப்பி அனுப்பிய காகிதம் மேசைக்குள்ளேயே இருந்தது. எடுத்தார். ஆண்டவன் புண்ணியத்தில் அவருக்கு நேர்மை இருந்தது, மாற்றிப் படிக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் கேள்வியாகக் கேட்டு அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் இவர் பதில் எழுதியிருந்தார்.

காது எப்போது போனது என்ற கேள்விக்கு, பிறவியிலேயே என்று எழுதியிருந்தார்.

"பொறவியா? நாலு வயசு வரைக்கும் அவ பேசுன பேச்சு உங்களுக்குத் தெரியுமா?"

"நான் அப்ப இந்த ஊருக்கு வரலியேம்மா."

"நான் இருந்தனே ஐயா."

பிள்ளைக்கு எதில் விருப்பம் என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை. எதைக் கண்டால் பயம் என்பதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் உள்ளவர்கள் பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கு, பேசுவதில்லை. சொன்னதைப் புரிந்து செய்யுமா என்பதற்கு, செய்யாது, நானே சோதித்துப் பார்த்தேன், புத்தி வளர்ச்சி இல்லை. அவர் படிக்கப் படிக்க எனக்குக் காது அடைத்தது. ஒவ்வொரு கேள்வியும் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள், எங்கோ தூரத்தில் உட்கார்ந்து, என் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். எட்டு வருஷத்தில் என் வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டதில்லை.

"எப்பிடிங்க சோதிச்சீங்க?"

"உன் வூட்டுக்காரர் கூட்டிக்கிட்டு வந்தாரு, இங்கதான் நிக்க வெச்சேன். கதவைச் சாத்துன்னேன். பலகையை எடுன்னேன். தெளிவாத்தான் சொன்னேன். சிலை மாதிரி நின்னுச்சு."

அந்த நேரத்தில் கிணற்றுக்குப் போகிற மாட்டுக்கூட்டம் ஒன்று வண்டிப்பாதையில் வந்தது. புழுதி அப்படியே கூடத்துக்குள் வந்தது. பிள்ளைகள் தும்மின. நான் எதையும் நினைக்காமல் மகள் பக்கம் திரும்பி "பாகிலு ஹாக்கு" என்றேன். அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வாத்தியார் காகிதத்தைக் கீழே வைத்தார். "இப்ப என்ன சொன்ன?"

"கதவச் சாத்துன்னேன்."

"அதையேதான நானும் சொன்னேன்."

"நான் எங்க பேச்சுல சொன்னேங்க."

அவர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். "கதவைத் திற" என்றார். அவள் அவர் வாயையே பார்த்தாள். இன்னும் சத்தமாகச் சொன்னார். பயந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லு" என்றார் என்னிடம்.

"பாகிலு தெகி." போய்த் திறந்தாள்.

"காது கேக்குதா இவளுக்கு?"

"கேட்டா நான் ஏன் ஐயா இங்க வந்து நிக்கறேன். சத்தமே இல்லாம சொல்றேன், பாருங்க." உதட்டை மட்டும் அசைத்தேன். போய்ச் சாத்தினாள். நாலு வகுப்பும் பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இதென்ன வேலை, சும்மா சும்மா திறந்து சாத்தச் சொல்கிறாய் என்பதுபோல என்னை முறைத்தாள் மகள். அந்த முறைப்பைப் பார்த்தவர்கள் யாரும் புத்தி இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாத்தியார் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அவ உதட்டைப் படிக்கிறாம்மா. அவளுக்குத் தெரிஞ்ச வார்த்தை உதட்டுல வந்தாத்தான் படிக்க முடியும். நாங்க எல்லாரும் அவளுக்குத் தெரியாத பாஷையில வாயசைச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது. நாலு வருஷமாக மாமியாரும் மாமனாரும் புருஷனும் தமிழில் கத்தியிருக்கிறார்கள், அது மலங்க மலங்க விழித்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று, பெற்றவளுக்குத்தான் புரியும் என்று பெருமை பேசியிருக்கிறேன். அதில் பெற்ற பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. பாஷை வேறு, அவ்வளவுதான். என் தமிழை நான் அவளிடம் ஒருநாளும் பேசிப் பார்த்ததில்லை. எனக்கே தோன்றாதது வாத்தியாருக்கு எப்படித் தோன்றும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தோன்றியிருக்கும். அதுதான் என் கோபம்.

"வேற காகிதம் எடுங்க" என்றேன்.

"அச்சடிச்சது இல்லம்மா. கேட்டு எழுதி வர மாசமாகும்."

"வெறுங்காகிதத்துல எழுதுங்க. அவங்க கேட்டது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது. நான் சொல்றேன்."

சொன்னேன். நாலு வயதில் காய்ச்சலில் காது போனது. அதுவரைக்கும் கன்னடம் பேசினாள். ஆடு ஓட்டி வந்தால் ஒன்று குறைந்தாலும் எந்த ஆடு என்று தாடியைத் தடவிக் காட்டுவாள், கொம்பை வளைத்துக் காட்டுவாள். விருப்பம் அதில்தான். பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவாள், முன்னால் வந்து நின்றுதான் கூப்பிட வேண்டும். இருட்டில் வாய் தெரியாது, அதனால் இருட்டில் அழுவாள், விளக்கு எரிகிற இடத்தில் படுக்க வைக்க வேண்டும். அதட்டினால் வேலை நடக்காது, செய்து காட்டினால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள்.

எழுதி முடித்ததும் படிக்கச் சொன்னேன். "பிள்ளை ஓரளவு புரிந்துகொள்ளும் என்று தாயார் நம்புகிறார்" என்று படித்தார்.

"ஓரளவுன்னா என்னங்க?"

"கொஞ்சம்னு அர்த்தம்."

"கொஞ்சம்னு நான் சொன்னனா?"

அந்த வார்த்தையை அடித்தார். மறுபடி படித்தார்.

"நம்புறேன்னு நான் சொல்லலியே. தெரியும்னுதான சொன்னேன்."

அதையும் அடித்தார். "ஏம்மா, நீ வக்கீலுக்குப் பொறந்தவளா" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அப்போது சிரித்தால் விட்டுவிடுவார் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். மூன்று தடவை படிக்க வைத்தேன். கீழே கைநாட்டு வைக்க வந்தபோது, தகப்பன் வைத்தால்தான் செல்லும் என்றார். இரண்டு பேரும் வைக்கிறோம், செல்லாததை அவர்கள் கிழித்துக்கொள்ளட்டும் என்றேன்.

ஒரு மாசத்தில் பதில் வந்தது. இந்தத் தடவை வாத்தியார் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மாமனார், மாமியார், புருஷன் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தார். இந்த வருஷத்து இடம் முடிந்துவிட்டது, அடுத்த ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அழைத்து வாருங்கள், நேரில் பார்த்துவிட்டுச் சேர்ப்பதா என்று முடிவு சொல்கிறோம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே இன்னொன்றும் இருந்தது. எங்கள் பாடம் எல்லாம் தமிழில்தான். ஆகையால் இன்று முதல் தாயார் பிள்ளையிடம் கன்னடம் பேசுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வாத்தியாரும் ஆட்டினார். புருஷன் எல்லோரையும்விடக் கூடுதலாக ஆட்டினார்.

"நிறுத்த மாட்டேன்" என்றேன்.

"சேக்கறேன்னு சொல்ற நேரத்துல என்ன புள்ள இது" என்றார் புருஷன்.

"உலகத்துல அதுங்கூடப் பேசறதுக்கு ஒரே ஒரு வாய்தான் இருக்குது. அதையும் அடைக்கச் சொல்றாங்க. தமிழ் வர்ற வரைக்கும் அது யாருகிட்டப் பேசும்?"

"அப்பிடியெல்லாம் எதுத்து எழுதினா எடம் போயிடும்மா" என்றார் வாத்தியார்.

"எதுத்து எழுத வேணாம். நான் செய்யறத எழுதுங்க."

நான் செய்தது இதுதான். கதவைக் கையால் தொட்டு நான் "பாகிலு" என்பேன். உடனே மாமியார் அவள் முன்னால் நின்று கதவைத் தொட்டு, "கதவு" என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பால் கறக்கும்போது நான் "ஹாலு" என்பேன், மாமனார் "பால்" என்பார். அவளுக்கு உதடு பார்க்கத் தெரியும், பொருளும் தெரியும், அதற்கு இந்த வீட்டில் இன்னொரு பேர் இருக்கிறது என்பதுதான் தெரியாது. மாமியார் முதலில் முணுமுணுத்தார். "அதும் முன்னால நின்னு குரங்காட்டம் வாயப் பிதுக்கச் சொல்றா" என்றார். ஒருநாள் அவர் "தண்ணி" என்று சொன்னதும் பிள்ளை போய்ச் சொம்பில் மொண்டுவந்து நீட்டியது. மாமியார் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூசணிப்பூ, பல்லி, எருமை என்று கண்ணில் பட்டதை எல்லாம் பிடித்துவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நடிக்கிறது என்று சொன்ன வாய் அது. அதை நான் அவர் சாகும்வரை சொல்லிக் காட்டினேன், அவரும் விடாமல் திட்டினார்.

ஆனி மாசம் புறப்பட்டோம். தருமபுரி போய், அங்கிருந்து மொரப்பூருக்குச் சின்ன ரயில், பிறகு பெரிய ரயில். சின்ன ரயிலில் என் கண்ணில் கரி விழுந்து, போய்ச் சேரும்வரை ஒரு கண்ணால்தான் ஊர் பார்த்தேன். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்ததை எல்லாம் என்னிடம் ஒரு பேரும் அவள் அப்பாவிடம் ஒரு பேரும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடத்தில், எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுகிற தலைமை டீச்சர் மேசைக்குப் பின்னால் இருந்தார். வயதானவர், வெள்ளைச் சேலை, நல்ல தமிழ். எதிரே ஒரே நாற்காலி. "தகப்பனார் உட்காருங்க. அம்மா, நீங்க குழந்தையோட வெளிய இருங்க, கூப்பிடுறோம்" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. வாசற்படியில் அப்படியே நின்றேன். ஏதாவது சொன்னால் இடம் போய்விடும், சொல்லாவிட்டால் மறுபடியும் அதே காகிதம்தான். பிள்ளையின் கையை எவ்வளவு இறுக்கியிருந்தேனோ, அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

பெரியம்மா பேனாவைத் திறந்துவிட்டார். "குழந்தைக்கு எப்படிப் பழக்கம்? வீட்டுல எப்படிப் பேசுறீங்க?" என்று அவரைக் கேட்டார்.

என் புருஷன் நாற்காலியில் உட்காரவே இல்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரியாமயே போன தடவ கைநாட்டு வெச்சுட்டேன். அவளக் கேளுங்க" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த வாத்தியார் எழுதிய காகிதத்தைப் பார்த்தார். அடித்துத் திருத்தின இடத்தில் விரலை வைத்து, "இதைச் சொன்னது நீங்களா? உள்ள வாங்க" என்றார். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன். கன்னடத்தை நிறுத்தவில்லை என்பதையும் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு ஜன்னல், சொம்பு, காக்கை என்று கேட்டுப் பார்த்தார். காட்டினாள். தெரியாததற்கு என் பக்கம் திரும்பி என் வாயைப் பார்த்தாள், நான் கன்னடத்தில் சொன்னதும் புரிந்துகொண்டு அவரிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு, "இங்க தமிழ்தான். லீவுல வர்றப்ப உங்க பாடு" என்றார். அது போதும் என்றேன்.

மறுநாள் நானும் புருஷனும் மட்டும் ரயிலேறினோம். விளக்கு எரிகிற பக்கம் படுக்கை போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வழியில் அவர் முறுக்கு வாங்கிக் கொடுத்தார், ஜன்னலைத் திறந்துவிட்டார், வாய் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். சேலம் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவளைக் கேளுங்கள் என்ற அந்த ஒரு வார்த்தையை, வாத்தியார் முதல் காகிதத்தை எடுத்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முந்தின ஆனியிலேயே சேர்த்திருப்பார்கள், என் பிள்ளைக்கு ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்.